இரண்டாவது மாடியிலிருந்து எடுத்த படம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், விவாகரத்து முடிந்த கையோடு சென்னையை ஒட்டிய பட்டாபிராமில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடிக்குத் தனியாகக் குடிவந்தேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். இங்கே எனக்குத் தெரிந்த ஒரே மனிதர் தண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்கும் நான் வெறும் வீட்டு நம்பர்தான். அமெரிக்க நேரத்துக்கு வேலை என்பதால், லேப்டாப்பை மூடிவிட்டுப் புரண்டு புரண்டு படுத்து, விடியற்காலை ஐந்து மணி வாக்கில்தான் கண் அசரும். சரியாக ஐந்தரைக்கு விசில் சத்தம் கேட்கும்.

குடியிருப்புக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு மைதானம். எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர் அங்கே பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஊருக்கே அவர் 'மாஸ்டர்'. தினமும் அவரே குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டுவார். யாரிடமும் ஃபீஸ் கிடையாது. காலேஜ் சீட்டுக்கு விண்ணப்பம் எழுதுவதிலிருந்து புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து வரைக்கும் ஊர் அவரிடம்தான் போகும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அந்த விசில் மட்டும்தான். ஒரு பாயிண்டுக்கு ஒரு விசில், தப்புக்கு இரண்டு விசில், எனக்குத் தலைக்குள் இருபது விசில்.

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். மாஸ்டரைப் போய் யார் கேட்பது என்று அவர் கையை விரித்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்திலேயே தேதியும் நேரமும் விழுகிற மாதிரி போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டு, பால்கனியில் நின்று பெரிதாக்கிப் படம் எடுத்தேன். எடுக்கிற நேரம் பார்த்து அவர் தலையை நிமிர்த்தினார். வாயில் விசிலோடு நேராக என்னைப் பார்க்கிற மாதிரி விழுந்தது. அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, மனுவோடு சேர்த்துப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தேன். வாங்கிய ஏட்டு படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்.

மறுநாள் விசில் இல்லை. பத்து மணி வரை தூங்கினேன். ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்குத் தானாக விழிப்பு வந்தது. எட்டிப் பார்த்தால் முப்பது பிள்ளைகள் சத்தமே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்டர் கையில் சிவப்புத் துண்டு. பாயிண்ட் என்றால் துண்டு மேலே போகும், தப்பு என்றால் கீழே இறங்கும். ஒரு பொடியன் வாய்விட்டுக் கத்தியதும் மற்றவர்கள் உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் தூக்கம் எனக்குப் பெரிசு என்று உள்ளே வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பால் கடையில் மாஸ்டர் எதிரே வந்தார். சைக்கிளில் உட்கார்ந்தபடியே காலை ஊன்றிக்கொண்டு, "இப்ப தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார்.

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. உண்மையாகவே கேட்கிறார். "வருது சார்" என்று சொல்லிவிட்டு, பால் வாங்காமலே வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான். அம்மா போனில் சாப்பிட்டியா என்பாள். ஆபீஸில் முடிந்ததா என்பார்கள். தூங்கினாயா என்று கேட்க எனக்கு அவர் ஒருத்தர்தான் இருந்தார். நானும் வருது, வருது என்பேன். அது பொய். விசில் நின்றபின் ஐந்தரைக்கு எழுந்து பால்கனியில் நின்று அந்தத் துண்டைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த நாட்களில் நான் பார்க்கிற மனித முகங்களே பெரும்பாலும் அவ்வளவுதான். கீழே போய் மன்னிப்புக் கேட்டு, இனி விசில் ஊதுங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. என்னைப்போல ஒரு கோழையைப் பார்க்க முடியாது.

போன ஐப்பசியில் ஒருநாள் மைதானம் வெறுமையாகக் கிடந்தது. மழையால் இருக்கும் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. டீமின் கேப்டன் பெண், காலேஜில் படிக்கிறவள், கண்ணெல்லாம் வீங்கி நிற்கிறாள். தூக்கத்திலேயே மாஸ்டர் போய்விட்டாராம். பேனர் அடிக்க ஒரு நல்ல படம் இல்லை. மற்றவர்களை நிற்கவைத்து எப்போதும் அவர்தான் படம் எடுப்பார், கும்பலில் இருக்கிற ஒன்றிரண்டை வெட்டிப் பெரிதாக்கினால் முகம் கலைந்துபோகிறது என்றாள்.

"நீங்க டெய்லி மேல நின்னுகினு பாப்பீங்களேக்கா. எதுனா எடுத்து வெச்சுக்கீறீங்களா?"

போனில் அந்தப் படம் இருந்தது. அழிக்க மனசு வராமல் வைத்திருந்தேன். பார்த்ததும் அவள் போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். எதற்காக எடுத்தீர்கள் என்று கேட்டாள். சும்மா எடுத்தேன் என்றேன்.

மத்தியானம் அவர் தெருமுனையில் ஆளுயரப் பேனர் நின்றது. கண்ணீர் அஞ்சலி. வாயில் விசிலோடு மாஸ்டர். அவசரத்தில் யாரும் வெட்டவில்லை. ஓரத்தில் நான் போட்ட நேரம் மஞ்சள் எழுத்தில் அப்படியே இருந்தது, 5:32. தெரு கொள்ளாத கூட்டம். ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருந்தது. கட்டிப்பிடித்து அழ ஆளும் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, நீ மாஸ்டருக்கு என்ன வேணும் என்று கேட்டாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் நான் ஒருத்தி மட்டும் தனியாக நின்றேன்.

அப்போது அந்த ஏட்டு வந்தார். பேனரைப் பார்த்தார், ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதே படமா என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். அவரும் சின்ன வயதில் மாஸ்டரிடம் ஆடியவராம். "மனுவ கிழிச்சிப் போட்டுடறேன்னு அன்னிக்கே மாஸ்டர்கிட்ட சொன்னேன் மேடம். வேணாம்னுட்டாரு. 'வாயால சொல்றதுக்கு ஆளு இல்லாமதான் அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துக்கீது, கிழிக்காத'ன்னாரு."



காரியம் முடிந்ததும் மைதானத்துக்குப் போய் கேப்டன் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் ஆசையாக எடுத்ததல்ல, புகாருக்காக எடுத்தது என்று. அவள் முகம் மாறிவிட்டது.

"மேல ஒரு அக்கா காலைலதான் தூங்கும், சத்தம் போடாதீங்கன்னுதான் எங்ககிட்ட சொன்னாரு. அது நீங்கன்னோ, கம்ப்ளெய்ன்ட்டுன்னோ கடைசி வரிக்கும் சொல்லவே இல்லக்கா."

இனிமேல் விசில் ஊதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவள் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஐந்தரைக்குப் பால்கனியில் காத்துக்கொண்டிருந்தேன். விசில் வரவில்லை. அந்தப் பெண் நடுவில் நின்று சிவப்புத் துண்டைத் தூக்கினாள். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. என் மேல் கோபமா, மாஸ்டர் சொல்லைக் காப்பாற்றுகிறாளா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. எனக்கென்று யாருமில்லை என்று நினைத்திருந்த ஊரில் முப்பது பிள்ளைகள் எனக்காகத் தினமும் வாயைப் பொத்திக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். அது தெரியவந்தபோது, தூக்கம் வருதாம்மா என்று கேட்க மாஸ்டர் இல்லை. கேட்டிருந்தால் இந்தத் தடவை 'வரல சார்' என்று உண்மையைச் சொல்லியிருப்பேன்.