ஐந்து வீட்டு நெல், ஒரே குவியல்

பதினெட்டு மூட்டை நெல்லோடு முதன்முதலாக விருத்தாசலம் போன அன்று விருத்தாம்பாள் விலையைப் பார்த்து வருத்தப்படவில்லை. பக்கத்துக் குவியலின் விலையைப் பார்த்துத்தான் வருத்தப்பட்டாள்.

அது 2006 மாசி. அவள் ஊர் சேத்தியாத்தோப்பைத் தாண்டி வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. கணவர் கோவிந்தசாமி லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நடவு, அறுப்பு, விற்பனை மூன்றும் அவள் பொறுப்பு. அதுவரை களத்துக்கே வரும் தரகரிடம் நெல்லைக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அந்த வருஷம் துணிந்து டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனாள். ஊர் வாயில் அதற்குப் பெயர் கமிட்டி.

கமிட்டியில் ஒவ்வொருவர் நெல்லும் தனித்தனிக் குவியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வியாபாரிகள் சுற்றி வந்து, அள்ளிப் பார்த்து, தாங்கள் கொடுக்கும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். நண்பகலில் பெட்டியைத் திறந்து, எந்தக் குவியலுக்கு எது அதிக விலையோ அதைப் பலகையில் எழுதுவார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு மணிக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் பார்க்கலாம். விவசாயி கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த ‘வேண்டாம்’தான்.

அவளுடையது ஆந்திரா பொன்னி, சன்ன நெல். பக்கத்துக் குவியலும் அதே பொன்னி, ஈரம் காய்ந்த காய்ச்சலும் அதேதான். ஆனால் அதற்கு மூட்டைக்கு முப்பத்தைந்து ரூபாய் கூடுதல். எடை போடும் ஆண்டி என்பவரிடம் காரணம் கேட்டாள்.

“அது நூத்தி நாப்பது மூட்டைம்மா. ஒரே எடத்துல லாரி ரொம்பிடும். ஒன்னோடத வாங்குறவன் இன்னும் ஏழு குவியலத் தேடணும். அந்த அலைச்சலுக்குத்தான் கொறைக்கிறான்.”

திரும்பி வரும்போது டிராக்டர் ஓட்டியவரிடம் அவள் வழியெல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினாள் என்பார்கள். ஐந்து வீட்டு நெல்லை ஒன்றாகக் கொட்டினால் என்ன?

ஊரைச் சம்மதிக்க வைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. தன் நெல்லை அடுத்தவன் நெல்லோடு கலப்பதென்றால் யாருக்கும் மனசு வராது. என்னுடையது நயம், அவனுடையது பதர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் உத்திராபதி மாமா முதலில் ஒத்துக்கொண்டார். அப்புறம் கீழத்தெருவில் இரண்டு வீடு. கடைசியாக, கணவருக்குத் தம்பி முறையாகும் சிங்காரம். விதை ஒன்று, காய்ச்சல் ஒன்று, பரிசோதனை விருத்தாம்பாள். அதுதான் ஏற்பாடு.

முதல் வருஷம் அது பலித்தது. 2008 மாசியில் ஒரே குவியலாகப் போனார்கள். பலகையில் வந்த முதல் விலையை விருத்தாம்பாள் வேண்டாம் என்றாள். ராத்திரியெல்லாம் சிங்காரம் புலம்பினான். மறுநாள் மூட்டைக்கு நாற்பது ரூபாய் ஏறியது. வீட்டுக்கு வந்ததும் சிங்காரம்தான் அந்தக் கதையைத் தெருத்தெருவாகச் சொன்னான். அண்ணி வியாபாரிக்கே விலை சொல்லுது என்றான்.

அந்தக் கார்த்திகையில் வெள்ளம் வந்தது. வயலில் ஒரு வாரம் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு விருத்தாம்பாளின் நூறு குழிக் காணி ஒன்றில் தாழ்வான பகுதி, பதினைந்து குழி, பயிரே இல்லாமல் சேறாகக் கிடந்தது. அப்போது எல்லோரும் செய்ததையே அவளும் செய்தாள். தப்பித்த வயலில் தூர் கட்டிய பயிரைக் கலைத்து, பிடுங்கி வந்து காலி இடத்தில் நட்டாள். அவளுக்குக் கிடைத்தது உத்திராபதி மாமாவின் மேட்டு வயல் பயிர். அவர் அங்கே பொன்னி போடவில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்காகச் சாவித்திரி போட்டிருந்தார். அது குண்டு நெல், பத்து நாள் பிந்தி முற்றுவது.

அறுக்கும்போது அந்தப் பதினைந்து குழியைத் தனியாக அறுத்து ஒதுக்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அறுவடை மெஷினுக்கு ஊர் முழுக்க அடிதடி. அவள் வயலுக்கு அது வந்தபோது சாயங்காலம் நாலு மணி. அடுத்த வயல்காரன் வரப்பில் நின்று அவசரப்படுத்தினான். மெஷினை நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, மறுபடி ஓட்டச் சொல்ல வேண்டும். அவள் கையைத் தூக்கினாள், பிறகு இறக்கிவிட்டாள். இவ்வளவு நெல்லில் அது எங்கே தெரியப் போகிறது?

அதே வாரம் மற்றவர்கள் நெல்லைச் சோதித்தாள். பல்லில் வைத்துக் கடித்தாள், உள்ளங்கையில் பரப்பினாள். சிங்காரத்தின் பதினோரு மூட்டை காயவில்லை என்று, கீழத்தெருக்காரர்கள் முன்னாலேயே திருப்பி அனுப்பினாள். அவன் கொண்டுபோய் இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுவந்தான்.

2009 மாசிக் கடைசியில் நூற்று இருபத்தாறு மூட்டையைக் கமிட்டித் தளத்தில் ஒன்றாகக் கொட்டினார்கள். பத்தரை மணிக்கு வியாபாரி சபாபதி வந்தார். போன வருஷம் இவர்கள் நெல்லை எடுத்தவர் அவர்தான். சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். குவியலின் நடுவில் கையை விட்டு அள்ளி, உள்ளங்கையில் விரலால் தள்ளிப் பார்த்தார். நான்கு நெல்லைப் பொறுக்கித் தனியே வைத்தார். வேறொரு இடத்தில் அள்ளினார். அங்கே மூன்று. சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

பலகையில் பக்கத்துக் குவியலுக்கு 865. இவர்களுக்கு 790.

கீழத்தெருக்காரர்களில் ஒருவர் ஓடிப்போய்ச் சபாபதியிடம் கேட்டுவந்தார். கலப்பு நெல்லாம். அரைத்தால் அரிசி இரண்டு விதமாக நிற்குமாம். எல்லாருடைய கண்ணும் சிங்காரத்தின் பக்கம் திரும்பியது. திருப்பி அனுப்பப்பட்ட நெல் அவனுடையதுதானே? இரண்டு நாள் காயவைத்த இடத்தில் என்னத்தைச் சேர்த்தானோ என்று ஒருவர் முனகினார். சிங்காரம் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். சத்தியம் செய்யச் செய்ய அவன் மேல் சந்தேகம் கூடியது.

விருத்தாம்பாள் குவியல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு நெல்லைக் கையில் எடுத்தாள். குண்டு. நுனியில் லேசாகப் பச்சை. நாலு மணி வெயிலில் தான் இறக்கிய கை அவளுக்கு நினைவு வந்தது.

மணி ஒன்று. உத்திராபதி மாமா டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் வயல் பயிர் அவருக்குத் தெரியாதா?

“நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேம்மா” என்றார், டீயைப் பார்த்தபடி. “சிங்காரம் நாலு நாள் மொறப்பான். அப்பறம் சரியாயிடுவான். நீ போயிட்டா இந்தக் கூட்டு நிக்காது.”

அதில் நியாயம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சிங்காரம் போனால் பதினோரு மூட்டை போகும். அவள் போனால் வேண்டாம் என்று சொல்லும் தைரியமே போகும். டீ ஆறும்வரை அப்படியே இருந்தாள். அந்த முக்கால் மணி நேரமும் சிங்காரம் தனியாக ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனுக்கு டீ வாங்கித் தரவில்லை.

ஒன்றே முக்காலுக்கு எழுந்துபோய் எல்லாரையும் கூப்பிட்டாள். பதினைந்து குழி, கலைத்து நட்ட பயிர், நிறுத்தாத மெஷின் எல்லாவற்றையும் நேராகச் சொன்னாள். தெரியாமல் நடந்தது என்று சொல்ல ஒரு வார்த்தை நாக்கு வரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

சிங்காரம்தான் பேசினான். சத்தம் போடவில்லை.

“எங்க நெல்லயெல்லாம் கடிச்சுக் கடிச்சுப் பாத்தியே அண்ணி. ஒன் நெல்ல யாரு கடிச்சுப் பாத்தா?”

ஏற்பாடு செய்த நாளில் அவளுக்கும் தோன்றாத கேள்வி, மற்ற நான்கு வீட்டுக்கும் தோன்றாத கேள்வி அது.

இந்த விலை வேண்டாம், எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம், இன்னும் இரண்டு வியாபாரி வந்தால் முப்பது ரூபாயாவது ஏறும் என்று அவள் சொல்லிப்பார்த்தாள். போன வருஷம் அவள் சொன்னதும் தலையாட்டியவர்கள் இன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு ராத்திரி அவள் பேச்சை நம்பிக் காத்திருக்க யாரும் தயாராக இல்லை. 790-க்கே சம்மதித்தார்கள். குறைந்ததை என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள் என்றாள். கீழத்தெருக்காரர்கள் சரி என்றார்கள். சிங்காரம் தனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போனான்.

அடுத்த வருஷம் தை முடியும் முன்பே விருத்தாம்பாள் வீடு வீடாகப் போனாள். இந்த முறை சோதிப்பது அவள் இல்லை. சீட்டு எழுதிக் குலுக்கி, யார் நெல்லை யார் பார்ப்பது என்று முடிவு செய்யலாம். முதலில் அவிழ்ப்பது அவள் மூட்டை. உத்திராபதி சரி என்றார். கீழத்தெருவில் ஒரு வீடு சரி என்றது. இன்னொன்று யோசித்துச் சொல்வதாகச் சொன்னது.

சிங்காரம் வீட்டில் அவன் மனைவி ராசம்மாள்தான் இருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் களத்தில் இருக்கிறார், ஆள் வந்திருக்கிறது என்றாள். எந்த ஆள் என்று விருத்தாம்பாள் கேட்கவில்லை.

களத்தில் தரகரின் தராசு நின்றது. இரண்டு பேர் மூட்டை பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். விலை என்ன என்று கேட்டாள். சிங்காரம் சொன்னான். கமிட்டிப் பலகையில் முந்தின நாள் எழுதியிருந்ததைவிட எண்பது ரூபாய் குறைவு. அது அவனுக்கும் தெரியும் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போன மாசிக்கு முன்பானால் அவள் வாய் இந்த இடத்தில் சும்மா இருந்திருக்காது. இப்போது எதைச் சொல்ல வாயெடுத்தாலும் முதல் வார்த்தையிலேயே நின்றது.

தரகர் நோட்டை மூடிவிட்டு, ஒங்க நெல்லும் இருக்காம்மா, இதே வண்டியிலயே ஏத்திடலாமே என்றார்.

அவள் பதில் சொல்லும் முன் சிங்காரம் குனிந்து அடுத்த மூட்டையின் வாயைப் பிடித்தபடி சொன்னான்:

“அவுங்க தரமாட்டாங்க. கமிட்டிக்குப் போவாங்க.”

விருத்தாம்பாள் தலையை ஆட்டினாள். மூன்று வீட்டு நெல்லுக்கு டிராக்டர் பேச வேண்டியிருந்தது. வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தாள்.