சத்தமுள்ள வேலை, சத்தமில்லாத வேலை

கண்காட்சி நெருங்கினால் எல்லாரும் காலண்டரைப் பார்த்து வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். நான் என் கணவரின் ஷிப்டைப் பார்த்துப் பிரிப்பேன். அவருக்கு ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் வேலை. வண்டிப் பாகங்களைச் சோதித்து, தேறியது, தேறாதது என்று பிரிக்கிற பகுதி. எனக்கு சாங்வியில், எங்கள் ஃப்ளாட்டின் ஹாலில், சோபா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கைத்தறி. அவர் காலை ஷிப்டுக்குப் போனால் நான் தறியில் உட்காருவேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கினால் சத்தமில்லாத வேலைகளை எடுத்துக்கொள்வேன். என் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

தறி சத்தம் போடாமல் வேலை செய்யாது. குறுக்கு நூல் சுற்றிய நாடா ஒருமுறை குறுக்கே போனதும் பலகையை இழுத்து அடித்து நூலை நெருக்க வேண்டும். அந்த அடி சுவர் வழியாகக் கட்டடம் பூராவும் கேட்கும். கீழ்வீட்டு மராட்டி மாமி, எங்களுக்குக் காகூ, முதல் தடவை ஏதோ ரிப்பேர் நடக்கிறது என்று சண்டைக்கு மேலே வந்தவர், தறியைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். ஆனால் நெசவில் அடிக்காமல் செய்கிற வேலைகளும் ஏராளம். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை ஒவ்வொன்றாகக் கோர்க்கலாம், சால்வைக்குக் குஞ்சம் முறுக்கலாம், கரை தைக்கலாம், இஸ்திரி போடலாம். இதையெல்லாம் அவருடைய இரவு ஷிப்டுக்கென்று சேர்த்து வைத்துவிடுவேன்.

என்னோடு ஸ்டால் போடுகிற பெண்கள் கடைசி வாரத்தில் கண்ணீரும் கம்பலையுமாக இருப்பார்கள். நான் அப்படி இருந்ததில்லை. எனக்குத் தலைக்கனம் என்று என் தங்கை சொல்வாள். கணக்குப் பிசகாதவளுக்கு அது கொஞ்சம் இருந்தால் என்ன தப்பு என்று நான் சொல்வேன்.

அந்த வருஷம் முதல்முறையாக எனக்கு முழு ஸ்டால் கிடைத்தது. அதுவரை வேறொருத்தியோடு ஒரு மேஜையைப் பங்குபோட்டு, துண்டுகளையும் சால்வைகளையும் அடுக்கி வைப்பேன். பார்க்கிறவர்கள் "டைம்பாஸுக்குப் பண்றீங்களா ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது ஸ்டாலுக்கு ஒரு பின்சுவர் இருந்தது. தூரத்தில் வருகிறவரையும் நிறுத்துகிற மாதிரி அந்தச் சுவரில் ஒன்று தொங்கவேண்டும். இரட்டைக் கட்டிலுக்கு ஒரு பெரிய போர்வை நெய்வது என்று முடிவு செய்தேன். அது இல்லையென்றால் இந்தத் தடவையும் நான் துண்டு விற்கிற ஆன்ட்டிதான்.

என் தறி அகலம் குறைந்தது. பெரிய போர்வையை அதில் ஒரே துணியாக நெய்ய முடியாது. இரண்டு பாதிகளாக நெய்து நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டும். நீலமும் மஞ்சளுமாகக் குறுக்குப் பட்டைகள். தையலில் ஒரு பாதியின் பட்டை மறு பாதியின் பட்டையோடு நேருக்கு நேர் சேரவேண்டும். சேராவிட்டால் பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

முதல் பாதியை அவருடைய காலை ஷிப்ட் வாரத்தில் நெய்தேன். அடுத்தது இரவு ஷிப்ட் வாரம். குஞ்சம், கரை எல்லாம் அதில் முடிந்தன. அதற்கடுத்த வாரம் இரண்டாம் பாதியை நெய்வதாகத் திட்டம். எல்லாம் கச்சிதமாக இருந்தது. அப்போதுதான் அவரிடமிருந்து இரவு ஷிப்டை வாங்கிக்கொள்ளவேண்டியவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நாள் இரவு ஷிப்டிலேயே இருக்கச் சொல்கிறார்கள் என்று இவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பரவாயில்லை என்றேன். சத்தமில்லாத வேலை என்று வீட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி முழுக்க ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று கண்ணைச் சுருக்கி வேலை பார்த்துவிட்டு, கண் சிவந்து வீட்டுக்கு வருகிற மனுஷன். அவரிடம் தூக்கத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானே சமாளித்துக்கொள்கிறேன் என்று தறிச்சட்டத்தில் பழைய டர்க்கி டவலைச் சுற்றிக் கட்டினேன். பலகையை இழுத்து அடிக்காமல், குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் தட்டித் தட்டி நெய்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் முதல் பாதியில் எத்தனை அடியோ இதிலும் அத்தனை அடி. எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை. அவரும் நிம்மதியாகத் தூங்கினார். தங்கைக்குப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

துணியை இறக்கி, அலசி, உலர்த்தி, இரண்டு பாதிகளையும் ஹால் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். முதல் பட்டை சரியாகச் சேர்ந்தது. இரண்டாவது லேசாக நழுவியது. நடுவுக்கு வருவதற்குள் நீலத்துக்கு எதிரே மஞ்சள் நின்றது. கடைசியில் இரண்டாம் பாதி ஒரு சாண் நீளமாக வெளியே கிடந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவாகத் தட்டினால் நூல் நெருங்காது. அதே எண்ணிக்கை நூல் கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கையை மட்டும் பார்த்த நான் ஒரு தடவைகூட டேப் வைத்து அளக்கவில்லை.

ஈரம் தெளித்துத் தேய்த்துப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போன அந்த ஆள்மேல், தூங்கிக்கொண்டிருந்த இவர்மேல், எல்லார்மேலும் கோபம் வந்தது.

சாயங்காலம் இவர் எழுந்து வந்தார். தரையைப் பார்த்தார். குனிந்து, நடுவில் கட்டைவிரலை வைத்துக் கடைசிவரை இழுத்துக்கொண்டே போனார்.

"ரிஜெக்ட்," என்றார். பிறகு, "இது எப்ப நெய்தது?"

"நீங்க தூங்கும்போது."

தறிச்சட்டத்தில் கட்டியிருந்த டவலைத் தொட்டுப் பார்த்தார். 'சல்தா ஹை', இதுவே போதும், என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"நான் தூங்குறேன்னு வேலையைக் கெடுப்பியா? நாளைலேர்ந்து நல்லா அடி."

நான் விடவில்லை. தூக்கக் கலக்கத்தில் கெட்ட பாகம் ஒன்றைத் தேறியது என்று அனுப்பிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"என் லைனை நான் பாத்துக்கறேன். உன் லைனை நீ பாரு," என்றார்.

மறுநாள் காலை வந்து, போஹா சாப்பிட்டுவிட்டு, ஹாலிலேயே தறிக்குப் பக்கத்தில் பாயை விரித்தார். எங்கே படுத்தாலும் சத்தம் கேட்கப்போகிறது, இங்கேயாவது காற்று வரும் என்றார். தேறாத அந்தப் பாதியை எடுத்துத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் டவலை அவிழ்த்தேன். தறியில் குஷன் உறைகளுக்கென்று வைத்திருந்த பாவு மிச்சம் இருந்தது. குஷன் உறைகள் இல்லாமலே கண்காட்சி நடக்கட்டும் என்று போர்வையின் இரண்டாம் பாதியை அதில் மறுபடி ஆரம்பித்தேன். முதல் அடி என் நெஞ்சிலேயே விழுந்த மாதிரி இருந்தது. அவர் அசையவில்லை. அதற்குப் பிறகு நான் அவர் பக்கம் பார்க்காமல் அடித்தேன்.

மதியத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சப் பகலை அவருக்கு விட்டேன். ஆனால் காலையிலும் அவர் தூங்குவதாகத்தான் நம்பினேன். ஒருநாள் நீலப் பட்டை முடிந்தது என்று மஞ்சள் நாடாவைக் கையில் எடுத்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னும் ரெண்டு அடி பாக்கி."

குனிந்து நூலை எண்ணினேன். இரண்டு குறைந்தது. இத்தனை நாளும் காலையில் மனுஷன் தூங்கவே இல்லை. போர்த்திக்கொண்டு என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தூங்கலையா நீங்க?"

"அடி," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்த இரண்டு அடியையும் போட்டேன். பிறகு மஞ்சளை எடுத்தேன்.

பட்டைகள் சேர்ந்தன. தைக்கும்போது ஊசி ஒரு இடத்திலும் தயங்கவில்லை. கண்காட்சியில் போர்வை பின்சுவரில் தொங்கியது. நான் நினைத்த மாதிரியே தூரத்தில் போனவர்கள் நின்றார்கள், திரும்பி வந்தார்கள். டைம்பாஸா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மராட்டி அம்மா தையலைத் தேடித் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டார். இதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது? அதற்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள், ஷிப்ட் முடிந்து நேரே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த இவர் மராட்டியில் பதில் சொன்னார்.

"மாஜி ஏகா ஆட்வட்யாச்சி ஜோப்."

என்னுடைய ஒரு வாரத் தூக்கம் என்றார். அந்த அம்மா வேடிக்கையென்று நினைத்துச் சிரித்துவிட்டு, கட்டிக் கொடுக்கச் சொன்னார். போர்வையைச் சுவரிலிருந்து இறக்கும்போது, இது விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் விற்கத்தானே நெய்தேன். நடுத்தையலில் நேராக மடித்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் இவர் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார். அடுத்து இரண்டு பேர் சால்வை பார்க்க வந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தாமல் அவர்களிடம் பேச ஆரம்பித்தேன்.