எழுபது தலைமுறைப் பங்காளிகள்

ஆக்லாந்தில் எங்கே தங்கலாம் என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். விடுதிப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. 1996 ஜூலையில் நான்கு நாள் ஒரு கொரிய அரச வம்சத்து வீட்டில் தங்கினேன். அந்த அனுபவம்தான் இருக்கிறது. அரண்மனை என்று நினைத்துவிடாதீர்கள். மங்கரே பகுதியில் பால், ரொட்டி, பேப்பர் விற்கும் ஒரு சின்னக் கடை; அங்கே அதை டெய்ரி என்பார்கள். கடைக்குப் பின்னால் மூன்று அறை, அதில் ஒன்று வாடகைக்கு.

அப்போது நான் வெலிங்டனில் கணினி ஆசிரியை. மனுகாவ் கல்லூரியில் வியாழன் முதல் சனி வரை பயிற்சி. வியாழன் காலை 6.40 விமானம், 7.45க்கு ஆக்லாந்து. டாக்சி ஓட்டிய தவராசா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். என் நெற்றியையும் நான் நீட்டிய முகவரியையும் பார்த்ததுமே தமிழில் ஆரம்பித்துவிட்டார்.

"இந்தியாவோ? கொரியன்ர வீட்டிலயோ தங்கப் போறியள்? சோறு கிடைக்கும், பயப்பிடாதேங்கோ."

ஏழு கிலோமீட்டர், பதினான்கு நிமிடம், பதினெட்டு டாலர். சனிக்கிழமை மாலை கல்லூரிக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லி வைத்தேன்.

வீட்டுக்காரர் கிம். வயது அறுபதுக்குப் பக்கம், பூசானில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் சுஜின், இருபத்தேழு வயது, பக்கத்தில் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை. கிம்முக்கு ஆங்கிலம் கடைக்குப் போதும், கதைக்குப் போதாது. அதனால் எல்லாவற்றையும் சுஜின்தான் மொழிபெயர்த்தாள்.

ஃபிரிட்ஜுக்கு மேலே நீலத் துணி அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதுதான் குலநூல். முதல் மன்னரிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக இருக்கும். மகள்களுக்கு ஒரே ஒரு வரிதான், கட்டிக்கொண்டவன் எந்தக் குலம் என்று. வியாழன் இரவு கிம் அதை இறக்கித் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார்: எழுபத்திரண்டாம் தலைமுறை.

"சியோல்ல கடைசியா ஆண்டு, ஜப்பான்காரங்ககிட்ட நாட்டைப் பறிகொடுத்தாங்களே, அந்த ராஜ குடும்பமா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவங்க வேற வீடு. வெறும் ஐந்நூறு வருஷம் ஆண்டவங்க."

இவருடையது தென்கரையிலிருந்த கயா என்ற பழைய நாட்டின் வம்சம். முதல் மன்னரை மணக்க ஆயுத்தா என்ற தூர தேசத்திலிருந்து ஓர் இளவரசி சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் வந்தாளாம். அலை அடங்குவதற்காக அவள் ஏற்றி வந்த கற்கள் கிம்ஹே ஊரில் அவள் சமாதிக்கு முன்னால் இன்றும் அடுக்கப்பட்டிருக்கின்றனவாம். பத்துப் பிள்ளைகள். அந்நிய தேசத்தில் என் பெயர் என்னோடு போய்விடக் கூடாது என்று ராணி கேட்க, மன்னர் இரண்டு பிள்ளைகளுக்கு அவளுடைய குடும்பப் பெயரான ஹோவைக் கொடுத்தார். அவர்கள் வழி வந்தவர்கள் ஹோ. மற்றவர்கள் கிம்ஹே கிம்.

ஆயுத்தா என்பது அயோத்தி என்கிறார்கள்; நம் பக்கத்துக் கடற்கரை என்பாரும் உண்டு. நிச்சயமாக யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கே எது கிடைத்தாலும் நம்முடையது என்று சொல்லாமல் இருக்க நம்மால் முடியுமா? "ராணி எங்க ஊர்ப் பொண்ணு" என்று அடித்துச் சொன்னேன். கிம் எழுந்து எனக்கு இரண்டு கையாலும் தேநீர் ஊற்றினார். வெட்கமே இல்லாமல் வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சுஜின் என்னைத் தன் காரில் மனுகாவில் இறக்கிவிட்டாள். பதினைந்து நிமிடப் பயணத்தில் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். அவள் காதலிக்கும் மின் என்பவன் ஹோ. கிம்ஹே கிம்மும் ஹோவும் கட்டிக்கொள்வதில்லை. சட்டம் தடுக்கவில்லை, வழக்கம் தடுக்கிறது. அடுத்த மாதம் பதிவுத் திருமணம். அப்பா வர மாட்டேன் என்கிறார்.

"வெள்ளைக்காரனைக் கூட்டிட்டு வந்தா ஒத்துக்குவார். நான் போய் கொரியனைப் பிடிச்சேன், அவன் அண்ணன் ஆயிட்டான்" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

அன்று மாலை ஏழு மணிச் சாப்பாட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஹோ ராணி பேருதானே? அப்ப அந்தப் பையன் அம்மா வழி, தாய்மாமன் முறை. எங்க ஊர்ல அதுதான் முதல் உரிமை!" என்றேன். சுஜின் முகம் மலர மொழிபெயர்த்தாள்.

கிம் குச்சிகளைக் கீழே வைத்தார். "பேரு மட்டும்தான் ராணியோடது. பிள்ளைங்க ராஜாவோடது. என் பாட்டனும் அவன் பாட்டனும் கூடப்பிறந்தவங்க. உங்க ஊர்ல அண்ணன் தம்பி பிள்ளைங்க கட்டிக்குவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமன் முறையாவது ஒன்றாவது; அசல் பங்காளி! பொய் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"ராணி ஊர்லயும் தப்புதான்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அதைச் சுஜின் மெதுவாகத்தான் மொழிபெயர்த்தாள். உதவுகிறேன் என்று போய் இருந்த கதவையும் சாத்திவிட்டேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

சனி மாலை நாலரைக்குத் தவராசா அண்ணன் வந்தார். மனம் தாங்காமல் அவரிடம் சொன்னேன்.

"ஹோ ஆக்களின்ர வீட்டில ஒரு செத்தவீடு எண்டா, இந்த மனுசன் துடக்குக் காப்பாரோ?"

"தெரியல அண்ணா. துடக்குன்னா தீட்டுதானே?"

"ஓம். கேட்டுப் பாருங்கோ. செத்தவீட்டுக்கு இல்லாத சொந்தம் கலியாணத்துக்கு மட்டும் எங்கயிருந்து வந்தது?"

ஞாயிறு காலை எட்டு மணிக்கு கிம் எங்கள் இருவரையும் மங்கரே மலைக்கு அழைத்துப் போனார். சின்ன எரிமலைக் குன்று. இருபது நிமிட ஏற்றம், புல் முழுக்கப் பனி. மேலிருந்து மனுகாவ் துறைமுகமும் இறங்கும் விமானங்களும் தெரியும். அங்கே நின்று அண்ணன் கேட்டதைக் கேட்டேன். சுஜின் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"எட்டுப் படிக்குள்ள இருக்கிற நெருங்கின சொந்தத்துக்குத்தான் துக்கம் காப்போம். ஹோ வீட்டுக்குக் கிடையாது" என்றார் கிம். குனிந்து காலணியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார். பிறகு, "என் மனைவி செத்தப்ப அந்தப் பையன் மூணு நாளும் வாசல்ல நின்னான். அவன் நிக்கணும்னு எந்த முறையும் இல்லை" என்றார்.

சுஜின் மொழிபெயர்க்கத் தொடங்கிப் பாதியில் அழுதுவிட்டாள். மீதியை அவரே தன் கடை ஆங்கிலத்தில் சொன்னார். சம்மதம் என்று மட்டும் சொல்லவில்லை. பதினோரு மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்று இறங்கிவிட்டார். எனக்கு மதியம் 2.10 விமானம்.

இனி, போகிறவர்களுக்கு. ஜூலையில் போனால் மழைக்கோட்டும் வழுக்காத செருப்பும் அவசியம். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்ப வேண்டாம். கொரிய வீட்டில் காலணியை வாசலில் விடுங்கள், பெரியவர் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்குங்கள், அவர் சாப்பிடத் தொடங்கும் வரை காத்திருங்கள். அவர்கள் குலநூலைக் காட்டினால் பாருங்கள், கேளுங்கள். நம் முறையை வைத்து அங்கே கணக்குப் போடாதீர்கள்.

அடுத்த மார்ச்சில் சுஜின் கடிதம் எழுதினாள். பதிவுத் திருமணத்துக்கு அப்பா வரவில்லை. அன்று முழுக்கக் கடையைத் திறந்து வைத்திருந்தாராம். கடிதத்தோடு ஒரு தாளின் நகலும் இருந்தது. குலநூலின் அடுத்த பதிப்புக்காகக் குடும்பத் தகவல் கேட்டு, அதை அச்சிடும் குலச் சங்கம் கொரியாவிலிருந்து அனுப்பிய தாள். மகளுக்கான ஒரு வரியில் கிம் தன் கையால் எழுதியிருந்தார்: சுஜின், கணவர் ஹோ.

இப்படி அச்சிட முடியாது என்று சங்கத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அப்பா ஓர் எழுத்தும் மாற்றாமல் அதையே மறுபடி அனுப்பியிருக்கிறார் என்று எழுதியிருந்தாள்.