வெறுங்குழாயில் தெரிந்த கோடுகள்

மங்களம் கண்ணாடிக் குழாயின் மூடித் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தாள். ஆவடிப் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்க வந்து இருபத்தாறு வருடம் ஆயிற்று. முதுகு அதைத் தினமும் சொன்னது. வாயுவில் மிதக்கும் மூலக்கூறு எந்தெந்த அலைகளை விழுங்குகிறது என்று பார்த்து, அதன் வடிவத்தைக் கணக்கிடுவது அவள் ஆய்வு. மூன்றாம் வருட மாணவி நிஷா ஐந்து மாதமாக உழைத்து, அப்படி விழுங்கப்பட்ட அலைகளைக் காட்டும் பதினோரு கோடுகளைப் பிடித்திருந்தாள். மறுநாள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

"வாயுவை உள்ள விடாம, வெறுங்குழாய ஒருதரம் ஓட்டிப் பாப்போம்," என்றாள் மங்களம். முதல் வாரமே செய்திருக்க வேண்டிய வேலை.

பதினோரு கோடுகளும் அப்படியே வந்தன.

"குழாய எதுல கழுவுன?"

"அசிட்டோன்லதான் மேம். நீங்கதானே சொன்னீங்க."

"மூடிக்கு அடியில இருக்கற ரப்பர் வளையத்துல அது ஊறிப்போயிருக்கு. அஞ்சு மாசமா அசிட்டோனத்தான் அளந்திருக்கோம்."

நிஷா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க நைனா வேல செய்ற இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கச் சொல்லிகினு கீறாரு மேம், பொண்ணு புதுசா இன்னாவோ அளந்துட்டான்னு."

"அசிட்டோனும் அவருக்குப் புதுசுதான். ஊட்டுக்குப் போ."

நிஷா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நிஷா நடந்த தவறை அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதினாள். அசிட்டோனில் கழுவச் சொன்னது தான்தான் என்று மங்களம் அதன் கீழே எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு இருவரும் பழைய வளையங்களைக் கழற்றினார்கள்.