என் டிராக்டரின் பழைய சிவப்பு

வடகரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் பாறையை நிலமாக்கியவன் நான். ஆடு மேய்க்கக்கூட ஆள் போகாத இடம் அது. வெடி வைக்க வந்தவன் இரண்டாம் நாளே சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். மீதியைச் சம்மட்டியால் நானே உடைத்தேன். அந்தக் கல்லை வைத்தே கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினேன். அங்கே தண்ணீர் விழாது என்று அடித்துச் சொன்ன என் மச்சினன் இன்றைக்கு அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறான். தென்னை வைத்தேன், யானை வந்து பிடுங்கிப் போட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி பிடுங்கியது. மூன்றாவது தடவை யானைக்கே சலித்துப் போயிருக்கும், வரவில்லை. ஓட்டு வீட்டை மச்சு வீடாக்கினேன். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். மகனைப் படிக்க வைத்துப் போலீசில் சேர்த்தேன். இத்தனைக்கும் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று என் வாத்தியார் சொன்னார். மாடும் மேய்த்தேன். அதையும் அவர் பாடம் நடத்தியதைவிட நன்றாகத்தான் செய்தேன்.

இதையெல்லாம் நான் செய்யவில்லை என்று ஊரில் எந்தப் பயலும் இதுவரை சொன்னதில்லை. ஆனால் நான் செய்த ஒன்றை மட்டும் இப்போது என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள். அது என் டிராக்டரின் நிறம். சிரிப்பு வருகிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

டிராக்டர் நான் புதிதாக வாங்கியது. அப்போது மகன் கைக்குழந்தை. இன்றைக்கு அவனுக்கு மீசை நரைத்து, அதற்கு மை பூசிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறான். டிராக்டர் மேல் இருப்பது கம்பெனியில் பூசி அனுப்பிய அதே சிவப்பு. பானெட்டில் தேங்காய் விழுந்து ஒரு குழி உண்டு. என் முழங்கால் உரசி உரசி ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகிவிட்டது. கால் வைக்கிற பலகையில் பெயின்ட் சுத்தமாகப் போய் இரும்பு வெள்ளிக் கிண்ணம் போல மின்னும். மற்றபடி எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் மங்கி, பழுத்த மிளகாய் வற்றல் நிறத்தில் இருக்கிறது. இன்றைக்கும் பிசான நெல்லுக்குத் தொழி உழவு அதில்தான் ஓடுகிறது. நாற்று நடுவதற்கு முன்னால் வயலைச் சேறாக்குகிற அந்த உழவைப் போல வண்டியைக் கெடுக்கிற வேலை வேறு கிடையாது. சேறு மட்கார்டுக்கு அடியில் போய் அப்பிக்கொண்டு, உள்ளேயே இருந்து தின்னும்.

அது எப்படி இன்னும் நிறம் போகாமல் இருக்கிறது? அதுதான் கதை. சேற்று வேலை முடிந்த அன்றைக்கே கால்வாய்த் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு, என் தோப்புத் தேங்காயை ஆட்டின எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து, பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுவேன். மேலே மட்டும் இல்லை, மட்கார்டு மடிப்புக்குள்ளே விரலை விட்டுத் துடைப்பேன். ஒரு வருஷம்கூட இது தவறியது கிடையாது. காய்ச்சலோடு துடைத்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் துடைத்திருக்கிறேன். ஆயுத பூசைக்கு எல்லாரும் பானெட்டில் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பி வைத்து, அது மழை வரும்வரை காய்ந்து கிடக்கும். அடியில் பெயின்ட் வெளுத்துப்போகும். நான் ஒரு வாழையிலைத் துண்டில் சந்தனம் வைத்து ஸ்டியரிங்கில் கட்டிவிடுவேன். சாமி குற்றம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

என் பெஞ்சாதி அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லுவாள்: "எந் தலைக்குத் தேய்க்க எண்ணெ இல்ல. டிராக்டருக்குத் தேய்க்குதாரு பாரு, மூத்த தாரத்துக்குச் செய்த மாதிரி."

போன குற்றாலச் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் மகன் தென்காசியிலிருந்து வந்து உட்கார்ந்தான்.

"யப்பா, குத்தாலத்துல ஒரு ரிசார்ட்டுல பழைய வண்டியெல்லாம் நிறுத்திப் பார்வைக்கு வைக்காவ, பரிசும் உண்டு. நம்ம டிராக்டரையும் கேட்டாவ. நான் சரின்னுட்டேன்."

"யாரக் கேட்டுச் சரின்ன?"

"ஒங்களத்தான் இப்பக் கேக்கேன்லா."

"சரி. கொண்டு போவோம்."

"அதுக்கு முந்தி ஒரு டச்சப் பண்ணிருவோம். அங்கன எல்லாரும் பளபளன்னு கொண்டு வருவாவ. நாம இப்படியே போனா மானம் போயிரும்."

"எலே, ஒம் மானம் பெயின்ட் டப்பாக்குள்ளயா கெடக்கு?"

அவன் விடவில்லை. வலது மட்கார்டில் துரு இருக்கிறது, அப்படியே விட்டால் ஓட்டை விழும் என்றான். துரு இருந்தது உண்மை, ஒரு உள்ளங்கை அளவு. அது அங்கே பதினைந்து வருஷமாக அதே உள்ளங்கை அளவில்தான் இருக்கிறது. எண்ணெய் அதை நகரவிடவில்லை. இதைச் சொன்னால் போலீஸ்காரனுக்குப் புரியாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் புரியும்.

இந்த டச்சப் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். ஒரு இடத்தில் புதுசு பூசினால் பக்கத்து இடம் அழுக்காகத் தெரியும். அதையும் பூசுவார்கள். அப்புறம் பானெட் பழசாகத் தெரியும். அதையும் பூசுவார்கள். கடைசியில் டயர் வால்வு மூடிவரைக்கும் பூசி, நம்பர் பிளேட்டை மாற்றி, இது யாருடைய வண்டி என்று நாமே கேட்கிற மாதிரி ஆக்கிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். உழைத்த வண்டிக்கு உழைத்த முகம்தான் இருக்கும். அதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறவன் உழைக்காதவன்.

மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. நான்காம் நாள் பெஞ்சாதியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். "பிள்ள ஆசப்படுதான். ஒத்த மட்கார்டுதான? பூசிட்டுப் போட்டுமே." சரி, வலது மட்கார்டு மட்டும் என்று சொன்னேன். நான் தோற்றுப்போனேன் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். பூசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் விட்டேன்.

மகன் கூட்டி வந்த பெயின்டர் தென்காசியில் லாரிகளுக்கு அடிக்கிறவர். வந்ததும் டிராக்டரைச் சுற்றி வந்து, மாடு பிடிக்க வந்தவர் மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார்.

"அண்ணாச்சி, எதுக்கு ஒத்த மட்கார்டு? முழுசும் விடுங்க. புதுப் பொண்ணு மாதிரி ஆக்கித் தாரேன்."

"அதுக்கு எம் மவன் வயசுவே. புதுப் பொண்ணு ஆக்கி யாருக்குக் கட்டிக் குடுக்கப் போறீரு?"

மகன் செல்போனைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். நான் கட்டிலைத் தென்னை நிழலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெயின்டர் உப்புத்தாளை எடுத்து, துரு இருந்த இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். துருவோடு நிற்பார் என்று பார்த்தால், கை அதைத் தாண்டி நல்ல சிவப்புக்குள் போய்விட்டது. நான் எழுந்து கத்துவதற்குள் ஒரு சாண் அளவுக்கு வெள்ளை இரும்பு. அந்த ஒரு சாணை நான் எத்தனை தடவை துடைத்திருப்பேன்!

"தேய்ச்சது போதும். அடிக்கதுன்னா அப்படியே அடிச்சிட்டுப் போரும்."

தின்னரில் நனைத்த துணியை ஒப்புக்கு ஒரு தடவை இழுத்துவிட்டு, கம்பிரசரைப் போட்டு, மட்கார்டு முழுவதும் அடித்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மகன் கைதட்டாத குறை. ஒரு பீடி குடிக்கிற நேரம் இருக்கும். புதுச் சிவப்பில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழ ஆரம்பித்தது. பெயின்டர் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், வானத்தைப் பார்த்தார்.

"சாரல் காத்து அண்ணாச்சி. ஈரம்."

"ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முப்பது வருசத்துக்கு மேல தேங்காண்ணெ தேய்ச்ச இரும்பு அது. எண்ணெ மேல பெயின்ட் நிக்குமாவே?"

"ஏன் அண்ணாச்சி முதல்லயே சொல்லல?"

"நீரு கேட்டீரா? லாரிக்கு அடிக்க மாதிரி அடிச்சீரு."

கேட்கமாட்டார்கள். இந்தக் காலத்துத் தொழில்காரனுக்கு வேலை தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். வேலை தெரியும். கேட்கத்தான் தெரியாது. முன்னால் நிற்கிற கிழவன் வாயைத் திறந்தால் தன் மரியாதை குறைந்துவிடும் என்று நினைப்பு. என் மகனுக்கும் அதே நினைப்புதான். அவன் சின்ன வயதில் நான் துடைக்கும்போது பக்கத்தில்தான் விளையாடினான். அந்த எண்ணெய் வாடை அவன் சட்டையில் அடிக்கும். அவனாவது பெயின்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஞாபகமே வரவில்லையாம்.

இரண்டு நாளில் நல்ல சாரல் பிடித்தது. புதுப் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியது. மூன்றாம் நாள் காலையில் மண்ணெண்ணெய்த் துணியோடு போனேன். தோலை உரிக்கிற மாதிரி உரிந்து வந்தது. அடியில் என் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. உப்புத்தாள் பட்ட அந்த ஒரு சாணில் மட்டும் புதுசு நன்றாகப் பிடித்துக்கொண்டது, புண்ணுக்கு ஒட்டின பிளாஸ்திரி மாதிரி. அது வராது. விட்டுவிட்டேன். மகன் வந்து பார்த்தான். காபி குடித்துவிட்டுப் போனான்.

குற்றாலத்துக்கு நானே ஓட்டிப் போனேன். செங்கோட்டை வழியாக, சாரலில் நனைந்துகொண்டு. அங்கே போய்ப் பார்த்தால், மற்ற வண்டியெல்லாம் லாரியில் ஏறி வந்திருக்கிறது, நோயாளியைக் கொண்டு வருகிற மாதிரி. கண்ணாடி போலப் பளபளப்பு. ஒருவனிடம் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். "பேட்டரி இல்ல சார்" என்றான். இன்னொன்றில் இன்ஜினே இல்லை. எலும்பில்லாத உடம்புக்குப் பட்டுச் சட்டை.

பரிசு கொடுக்க வந்த நடுவர் கோயம்புத்தூர்க்காரர். பளபளப்பை எல்லாம் ஒரு பார்வையில் தாண்டிவிட்டு என் டிராக்டர் முன்னால் வந்து நின்றார். உட்கார்ந்து மடிப்புக்குள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த மனிதருக்குக் கண் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு வாயைத் திறந்தார்.

"முழுக்க ஒரிஜினல் பெயின்ட்! இந்த வலது பக்கத்துல மட்டும் யாரோ கைய வச்சிருக்காங்க. எப்படி இவ்வளவு நல்லா இருக்கு?"

நான் முன்னால் போவதற்குள் மகன் முந்திக்கொண்டான். "நாங்க ரொம்ப வருசமா இதை ஒரிஜினலாவே வச்சிருக்கோம் சார். டச்சப் பண்ணவே விடமாட்டோம்."

நடுவர் மலையைப் பார்த்தார். "இந்த ஊர்க் காத்துங்க. புகை இல்ல, தூசி இல்ல. இயற்கையே காப்பாத்தியிருக்குது."

காற்றாம்! இதே காற்றில்தான் குற்றாலத்து லாட்ஜ் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. இதே காற்றில்தான், நான் வாங்கிய அதே வருஷம் என் மச்சினன் வாங்கிய டிராக்டர் பழைய இரும்புக்காரனிடம் போனது. காற்றுக்கு என் வண்டி மேல் மட்டும் என்ன தனிப் பாசம்?

முதல் பரிசு எங்களுக்குத்தான். கேடயத்தை மகன் வாங்கினான். திரும்பும்போது கேட்டேன். "என்னலே சொன்ன அவருகிட்ட?"

"நம்ம குடும்பந்தான யப்பா. யாரு பேரு இருந்தா என்ன?"

"யாரு பேருன்னாலும் ஒண்ணுதான்னா எம் பேரச் சொல்லியிருக்கலாம்லா?"

மகன் ஜீப்பில் ஏறி முன்னால் போய்விட்டான்.

இப்போது அந்த ரிசார்ட் வரவேற்பறையில் என் டிராக்டர் படத்தைப் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள். கீழே ஒரு பலகையில் எழுதியிருப்பது: 'குற்றால மலைக்காற்றின் கொடை. பழமை மாறாமல் காத்தவர்' என்று போட்டு, என் மகன் பெயர், அவன் பதவியோடு. போய் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னது. ஒதுங்கினேன். சண்டை போடவில்லை. அதற்குப் பதில் இதை எழுதுகிறேன்.

ரிசார்ட்காரர்களே, அந்தப் பலகையை எடுங்கள். காற்றை அழியுங்கள், அது ஒன்றும் செய்யவில்லை. காத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள், இனிஷியலோடு முழுப் பெயராக. என்ன செய்து காத்தார் என்பதையும் எழுதுங்கள், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், வேட்டித் துணி என்று ஒன்று விடாமல். மகன் பெயர் வேண்டுமென்றால் கீழே சின்ன எழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஓட்டி வந்தவர் என்று போட்டுவிடாதீர்கள். ஓட்டி வந்ததும் நான்தான்.