டோரிஸ் ஆன்டி சாப்பாட்டு மேசையில ஒரு லேப்டாப்

செந்தூல்ல எங்க ஃபிளாட் மூணாவது மாடியில டோரிஸ் ஆன்டி வீடு. வயசு ஐம்பத்தேழு. சுபாங் ஜெயா பக்கம் ஒரு ஃபேக்டரியில பத்தொன்பது வருஷம் சர்க்கிட் போர்டுக்கு ஈயம் வச்சவங்க. ஃபேக்டரிய மூடுனதும் வீட்டுலேயே லேப்டாப் ரிப்பேர் பண்ண ஆரம்பிச்சாங்க. கடை இல்ல, பேர்ப்பலகை இல்ல. சாப்பாட்டு மேசைதான் எல்லாம்.

"நான் அந்த மேசையில சோறு தின்னு ஆறு வருஷமாச்சு"ன்னு அவங்க வீட்டுக்காரர் ரபேல் அங்கிள் வர்றவங்க எல்லார்கிட்டயும் புகார் சொல்வாரு.

"சோபாவுல தின்னா மட்டும் தொண்டையில இறங்காதா? பேசாம தின்னுங்க"ம்பாங்க ஆன்டி.

லேப்டாப்ப வச்சிட்டுப் போங்கன்னு சொல்லவே மாட்டாங்க. கொண்டு வந்தவங்க எதிர்லயே உக்காந்து பாக்கணும். எடுத்ததும் ஸ்க்ரூடிரைவர தொட மாட்டாங்க. காத வச்சுக் கேப்பாங்க, கைய வச்சு சூடு பாப்பாங்க. அப்புறம் ஒரே கேள்வி. "கடைசியா நல்லா ஓடுன நாள் எது? அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" பாதிப் பேரு "ஒண்ணுமே பண்ணல ஆன்டி"ம்பாங்க. குடிக்கிற மைலோவ மேல கொட்டியிருப்பாங்க. மெத்தை மேல வச்சு விடிய விடிய படம் பாத்திருப்பாங்க. ஆன்டி திட்டவும் மாட்டாங்க, மறைக்கவும் மாட்டாங்க. என்ன காரணமோ அத அப்படியே மூஞ்சிக்கு நேரா சொல்லிருவாங்க.

போன நவம்பர்ல ஒரு சனிக்கிழமை, காலையில பதினோரு மணி. என் கீபோர்டுல ஒரு பட்டன் கழண்டுபோச்சுன்னு நானும் அங்க இருந்தேன். பூச்சோங்ல இருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தாங்க. மகள் பேரு விஷ்ணுப்ரியா, டிப்ளோமா முடிச்சவ. அம்மா அமுதவள்ளி.

"பசியாறியாச்சா?"ன்னாங்க ஆன்டி.

"அதெல்லாம் அப்புறம் ஆன்டி, ப்ளீஸ்"னு ப்ரியா லேப்டாப்ப மேசையில வச்சா. "ரெண்டு மணிக்கு ஆன்லைன் டெஸ்ட். ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு. இது பன்னெண்டு நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிருது."

"வேற லேப்டாப் கடன் வாங்கு கேர்ள்."

"முடியாது. டெஸ்ட் சாஃப்ட்வேர் இதுலதான் பதிவாயிருக்கு. மாத்தணும்னா திங்கக்கிழமைதான் ஆபீஸ் திறப்பாங்க. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்."

ஆன்டி ஆன் பண்ணி காத வச்சாங்க. "ஃபேன் சத்தமே இல்லையே. கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு?"

"சரஸ்வதி பூஜை வரைக்கும் ஓடுச்சு. பூஜைக்கு சாமி மேடையில வச்சோம். அதுக்கப்புறம்தான் சூடு."

ஆன்டி பத்து ஸ்க்ரூவையும் கழட்டி முட்டை அட்டையில வரிசையா போட்டாங்க. அடி மூடியத் தூக்குனதும் எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். ஃபேன் இறக்கைக்கு நடுவுல மஞ்சளா, கட்டியா ஏதோ காஞ்சு கிடந்துச்சு. ஆன்டி மோந்து பாத்தாங்க.

"சந்தனம்."

ப்ரியா அம்மாவத் திரும்பிப் பாத்தா. அமுதவள்ளியம்மா முகம் வெளுத்துருச்சு.

"மேல வச்சா கறை பட்டுரும்னு... இவ கத்துவாளேன்னு அடியில வச்சேன் அக்கா. மூணு பொட்டு. கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு. மறுநாள் ஈரத்துணி வச்சு நல்லா அழுத்தித் தொடச்சுட்டேன்."

"அடியில இருந்த ஓட்டை மேலயா?"

"அது டிசைன்னு நெனச்சேன்."

ரபேல் அங்கிளுக்கு சிரிப்பு வந்து, ஆன்டி பாத்த பார்வையில உள்ளயே போயிருச்சு.

"அப்ப என்னாலதானா அக்கா?"

வேற யாரா இருந்தாலும் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாங்க. ஆன்டி, "ஆமா"ன்னாங்க. "சந்தனம் இறக்கைய ஒட்டிப் பிடிச்சிருக்கு. சுத்த முடியாம மோட்டார் கருகிருச்சு. புது ஃபேன் வர ரெண்டு நாள் ஆகும். ஆனா டெஸ்ட் இன்னிக்குத்தானே. அத மட்டும் பாப்போம்."

ப்ரியா அம்மா பக்கம் திரும்பாம நாற்காலிய ஆன்டி பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டா. அதுதான் அந்த அம்மாவுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்.

ஆன்டி சந்தனத்தச் சுரண்டி எடுத்தாங்க. உள்ள ப்ராசஸர் சில்லு மேல இருந்த, சூட்ட இழுக்குற பழைய பசையத் துடைச்சுப் புதுசு தடவுனாங்க. மேசையோட ரெண்டு பலகையையும் நடுவுல விலக்கி, அடி மூடியப் போடாமலே அந்த இடைவெளிக்கு மேல ரெண்டு மைலோ டின்ல லேப்டாப்ப ஏத்தி வச்சு, கீழ ஒரு ஸ்டூல்ல பழைய மேசைக் காத்தாடி. காத்து நேரா அடியில போகணும். முக்கால் மணி நேரம் ஓட்டிப் பாத்தாச்சு. ஆஃப் ஆகல.

ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது காத்தாடி கழுத்து டக்குனு உடைஞ்சு தொங்கிருச்சு.

"அலாமாக்!"னு பதறிப்போய் அங்கிள் டேப் சுத்துனாரு. ஆன்டி துணி வச்சுக் கட்டுனாங்க. ஆடி ஆடி மறுபடி குனிஞ்சிருச்சு. வேற காத்தாடி தேட நேரமில்ல. பேச்சு சத்தம் கேக்கக் கூடாது, கேமராவுல வேற முகம் விழக் கூடாதுன்னு டெஸ்ட்டுக்கு ரூல்ஸ் வேற.

அமுதவள்ளியம்மா யாரையும் கேக்கல. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு மேசைக்கடியில போய்த் தரையில உக்காந்தாங்க. காத்தாடித் தலைய ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சாங்க.

"ஒன்றரை மணி நேரம்மா"ன்னாங்க ஆன்டி, குனிஞ்சு.

"தெரியும் அக்கா. நீங்க அந்தப் பக்கம் போங்க."

டெஸ்ட் ஆரம்பிச்சுச்சு. நாங்க மூணு பேரும் அடுப்படி வாசல்ல நின்னோம். அங்கிள் கீழ போய் ரொட்டிக்காரர்கிட்ட ஹார்ன் அடிக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தாரு. இருபது நிமிஷம் கழிச்சு அந்தம்மா முழங்கால மடக்கி, அதுல முழங்கைய ஊனிக்கிட்டாங்க. கொஞ்ச நேரத்துல தோளால முட்டுக் கொடுத்தாங்க. காத்து மட்டும் ஒரு தடவ கூட விலகல. ப்ரியா மேல கேள்விகளத் தட்டிக்கிட்டே இருந்தா. அவ காலுக்கு ஒரு சாண் தள்ளி அவங்க அம்மா. அன்னிக்கு அங்க யாரும் அழல. சும்மா நின்னு பாத்தோம், அவ்வளவுதான்.

மூணு முப்பதுக்கு ப்ரியா கைய எடுத்தா. "போயிருச்சு. சப்மிட் ஆயிருச்சு ஆன்டி."

அப்புறம் நாற்காலியத் தள்ளிட்டு மேசைக்கடியில குனிஞ்சா. "மா, முடிஞ்சிருச்சு. கைய எடுங்க."

அமுதவள்ளியம்மா எடுக்கல. "கம்ப்யூட்டர் முழுசா அணைஞ்சிருச்சான்னு அவங்களக் கேளு."

ஆன்டி லேப்டாப்ப அணைச்சாங்க, அடியில கைய வச்சு சூடு பாத்தாங்க. "அணைஞ்சிருச்சு அமுதா. விடலாம்."

விரல் மடங்கி மரத்துப்போயிருந்துச்சு, தானா பிரியல. ப்ரியாதான் தரையில உக்காந்து, ஒவ்வொரு விரலா காத்தாடியில இருந்து பிரிச்சு எடுத்தா.