பன்னிரண்டாம் நாள் நாசி லெமாக்

சியோக் நியோ என் வீட்டுப் பின்கதவைத் தட்டியபோது காலை பத்து மணி தாண்டியிருந்தது. முன்வாசலை விட்டுவிட்டுச் சந்து வழியாக வந்திருந்தாள். அதுவே எனக்குப் பகீரென்றது. தெங்கேராத் தெருவில் இத்தனை வருஷப் பழக்கத்தில், கொண்டையில் ஊசி குத்தாமல் அவள் வாசற்படி தாண்டி நான் பார்த்ததில்லை. அன்று முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"இன்னும் வரல செல்லா," என்றாள்.

என்ன வரவில்லை என்று நான் கேட்கவில்லை. தெருவுக்கே தெரியும். அவளுடைய ஒரே மகள் சுவீ லானுக்குக் கல்யாணமாகி அன்று பன்னிரண்டாம் நாள். மலாக்காவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மலாய்ப் பழக்கங்களோடு கலந்துபோன சீனர்களைப் பாபா என்பார்கள்; அந்தக் குடும்பங்களில் அந்த நாளுக்கென்று ஒரு சடங்கு உண்டு. மருமகள் கெடாத பெண்ணாக வந்து சேர்ந்தாள் என்று மாமியாருக்குத் திருப்தி என்றால், நாசி லெமாக் சமைத்து, தேங்காய்ப்பால் சோறும் இறால் சம்பலும் பொரித்த மீனுமாகத் தாம்பாளத்தில் வைத்து, உச்சிவேளைக்குள் பெண்ணைப் பெற்றவளுக்கு அனுப்புவாள். வந்தால் தெருவுக்கெல்லாம் பங்கு. வராவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பெண்ணின் மானத்தைக் கொண்டுபோய் ஒரு பானைச் சோற்றில் வைத்த புண்ணியவான் எவனோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் அந்தச் சோற்றைச் சுடச்சுட அவன் தலையில் கவிழ்ப்பேன்.

"இன்னும் நேரம் இருக்கே தாச்சி," என்றேன். தாச்சி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. "உன் சம்பந்தி ஹீரன் தெருக்காரங்க, பெரிய வீடு. மெதுவாத்தான் எல்லாம் நடக்கும்."

"மத்த வீட்டுக்கெல்லாம் விடியறதுக்குள்ள வந்துடும். பிபிக் லொங் வந்து கூடத்துல உக்காந்தாச்சு. வெத்தலப் பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு வாசலையே பாக்கறா. 'சோறு ஆறிப்போயிடப் போகுது, யாராவது போய்ப் பாருங்களேன்'னு சிரிக்கறா."

பிபிக் லொங் எதிர்வீட்டுக்காரி. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கருகுகிறது என்று மோந்து பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மகராசி.

சியோக் நியோவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். புருஷன் ஜப்பான் சண்டைக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அவர் போன அன்றிலிருந்து அவளுக்கு அடுப்புதான் துணை. சீன வீட்டுச் சமையலும் மலாய்க்காரர் மசாலாவும் அவள் அம்மியில் ஒன்றாகித்தான் வெளியே வரும். புவா கெலுவாக் என்று ஒரு கருப்புக் கொட்டை இருக்கிறது, நாள் கணக்கில் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றாவிட்டால் விஷம். அதைக் கோழியோடு சேர்த்து அவள் வைக்கிற குழம்புக்காகச் செத்தவனும் எழுந்து தட்டை நீட்டுவான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பனைவெல்லம் உள்ளே உருகி ஓடுகிற ஒண்டே ஒண்டே உருண்டையை அவள் செய்து கொடுத்தால் அதை நின்றுகொண்டு தின்ன முடியாது, உட்கார்ந்துதான் ஆகவேண்டும். மலாக்காவில் எந்தப் பாபா வீட்டில் விசேஷம் என்றாலும் பலகாரம் அவள் வீட்டிலிருந்துதான் போகும். அளவு என்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். கேட்டால் "அகாக் அகாக்" என்பாள். குத்துமதிப்பு என்று அர்த்தம். அந்தக் குத்துமதிப்பு ஒருநாளும் தவறியதில்லை.

வாயைத் திறந்து மனசில் இருப்பதைச் சொல்கிற பழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது. கோபம் என்றால் மிளகாய் இடிப்பாள். துக்கம் என்றாலும் அதையேதான் இடிப்பாள்.

"உன் அடுப்பு வேணும் செல்லா," என்றாள்.

"எதுக்கு?"

"நானே வச்சு அனுப்பிடறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டேன். "உனக்குப் பைத்தியமா? உன் வீட்டுக்கு நீயே அனுப்புவியா?"

"எங்க வீட்டுல வச்சா வாசம் காட்டிக் குடுத்துடும். உன் வீட்டுல வச்சு, தாம்பாளத்துல மூடி, ரிக்‌ஷாவுல ஏத்தி, முன்வாசல் வழியா வரட்டும். யாரு கண்டா?"

"நேரம் இன்னும் தாண்டல. ஏன் இப்படிப் பறக்கற? உன் பொண்ணு மேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அவள் குந்தி உட்கார்ந்து, என் அரிசிப் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.  அவள் எதை நினைத்துச் சாகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் காலம் அது. சுவீ லான் அப்போது சின்னப் பெண். மரவள்ளிக் கிழங்குக்கு வரிசையில் நிற்கப் போனவள் திரும்பவில்லை. அன்றைக்குத்தான் பெண்பிள்ளைகளைத் தேடி லாரி வந்தது என்று தெரு முழுக்க ஒரே கூச்சல். அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த காலையில் சேறும் நாற்றமுமாக, சட்டை கிழிந்து, அவளாகவே நடந்து வந்தாள். சியோக் நியோ அவளைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தண்ணீரை ஊற்றினாள். கஞ்சி கொடுத்தாள். கிழிந்த சட்டையை அடுப்பில் போட்டாள். எங்கே இருந்தாய், என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம். சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்து, பெண் வளர்ந்து, ஹீரன் தெருவிலிருந்து சம்பந்தம் வந்து, கல்யாணமும் முடிந்தது. அந்தக் கேள்வி மட்டும் அவள் தொண்டையிலேயே கிடந்தது.

"தாச்சி, கேட்டிருக்கலாமே," என்றேன்.

"தேங்கா எங்க?" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

அவள் சமைத்து நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்று பார்த்தது போல ஒன்றைப் பார்த்ததில்லை. அவளுக்கு அன்று மோசமாகச் சமைக்க வேண்டியிருந்தது. சம்பந்தி கைச் சோறு என்று ஊர் நம்ப வேண்டுமானால் அதில் அவள் கை தெரியக்கூடாது. அதனால் அரிசியைக் குழையவிடப் பார்த்தாள். ஆனால் ஆவி மாறுகிற சத்தம் காதில் விழுந்ததும் கை தானாகப் போய்ப் பானையை இறக்கிவிட்டது. "ஐயோ" என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். சம்பலுக்கு மிளகாயைக் கொரகொரப்பாக விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே அம்மியில் அரைத்தாள். பார்த்தால் வெண்ணெயாக இருந்தது. உப்பை அள்ளி ஒரு பிடி கூடுதலாகப் போடப் போனாள். விரல் மூடிக்கொண்டது, திறக்கவில்லை.

"நீ போடு செல்லா, எனக்கு வரமாட்டேங்குது."

நான் போட்டேன். அவள் ருசி பார்த்தாள், முகம் சுளித்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் புளியைக் கரைத்து ஊற்றிச் சரிசெய்துவிட்டாள். பிறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவளை அப்படி ஆக்கிய தெருவின்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

உச்சிவேளை நெருங்கிவிட்டது. ஹீரன் தெருவிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. சிவப்புத் துணி போட்டு மூடிய தாம்பாளத்தைத் தெருக்கோடி ரிக்‌ஷாக்காரனிடம் நான்தான் கொடுத்தேன். யார் அனுப்பியது என்று கேட்டால் "சம்பந்தி வீடு" என்று மட்டும் சொல்லச் சொன்னேன். சியோக் நியோ சந்து வழியாக வீட்டுக்குப் போய், முடியை முடிந்து, ஊசி குத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள்.

தாம்பாளம் முன்வாசலில் வந்து இறங்கியதும் கூடமே மூச்சு விட்டது. வாழையிலைத் துண்டுகளில் பங்கு வைத்தோம். பிபிக் லொங் முதல் கவளத்தை வாயில் போட்டாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள்.

"அடேயப்பா! ஹீரன் தெரு அம்மாளுக்கு இப்படிக்கூட சமைக்க வருமா? போன வருஷம் அவ வீட்டுல தின்னேன், சம்பல்னு சொல்லி வெறும் மொளகாத் தண்ணிய ஊத்தினா." சியோக் நியோவை மேலும் கீழும் பார்த்தாள். "சம்பந்தம் பண்ணின நேரம், உன் கைமணம் அங்க போய் ஒட்டிக்கிச்சு போல!"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சியோக் நியோவும் சிரித்தாள். உதடு மட்டும் விலகியது.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் இறங்கியவள் கல்யாணச் சடங்குகளை நடத்துகிற கிழவி. பின்னால் மாப்பிள்ளை, அவனுக்குப் பின்னால் சுவீ லான், நீல உடுப்பில். கிழவி கையில் பெரிய தாம்பாளம், தங்க நூல் வேலை செய்த துணி மூடியிருந்தது.

"மன்னிச்சுக்கணும், மன்னிச்சுக்கணும்!" என்று கிழவி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "விடியக்காலையில வச்ச பானை அடிப்பிடிச்சுப் போச்சு. வேற வீடா இருந்தா அப்படியே அனுப்பியிருப்போம். இது சியோக் நியோ வீடாச்சே! தப்பான சோத்த இந்த வீட்டுக்கு அனுப்பினா ஊரே சிரிக்கும்னு சம்பந்தியம்மா பயந்து போயி, மறுபடியும் அரிசி ஊறவச்சு வேற பானை வச்சாங்க. அதான் இத்தனை நேரம்."

எல்லோரும் தங்கள் இலையைப் பார்த்தார்கள்.

"அப்ப நாங்க தின்னது?" என்றாள் பிபிக் லொங்.

சியோக் நியோவின் முகத்தில் ரத்தமே இல்லை.  சுவீ லான் நேராக நடந்துவந்து பிபிக் லொங்கின் இலையில் விரலை விட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு வாய் போதும் அவளுக்கு, அந்தக் கையில் தின்று வளர்ந்தவள். பிறகு பிபிக் லொங் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"அதுதான் அந்த மொதப் பானை. அடியில பிடிச்சத விட்டுட்டு மேலாக்க எடுத்து நான்தான் அனுப்பி வச்சேன். நேரம் தப்பிடக்கூடாதுன்னு. அத்தைக்கு மனசு கேக்கல, மறுபடியும் வச்சாங்க."

கிழவி எத்தனை கல்யாணம் பார்த்தவள்! கண்ணிமைக்கிற நேரத்தில் புரிந்துகொண்டாள். "ஆமா ஆமா, எனக்கு மறந்தே போச்சு," என்றாள்.

"அடிப்பிடிச்சதே இந்த ருசின்னா, நல்லது எப்படி இருக்குமோ!" என்று பிபிக் லொங் அடுத்த தாம்பாளத்தை நோக்கிக் கையை நீட்டினாள். கூடம் மறுபடி கலகலத்தது. மாப்பிள்ளையை உட்காரவைத்து உபசரித்தார்கள்.

நான் இலைகளைப் பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அம்மாவும் மகளும் அங்கே இருந்தார்கள். சுவீ லான் கூடத்தில் சிரித்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அவங்க என்னைச் சந்தேகப்படலம்மா," என்றாள். குரல் உயரவில்லை. "பயந்தது உன் நாக்குக்கு. அந்த ரெண்டாவது பானைக்கு நான்தான் தேங்கா துருவினேன். அத்தை பக்கத்துல உக்காந்து, 'உங்கம்மா இத ஒத்துக்குவாளா, உப்பு போதுமா'ன்னு என்னையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. சந்தேகப்பட்டது நீ."

"லான், நான் அப்படி நினைக்கல..."

"நினைச்ச. அந்தக் காலத்துலருந்தே நினைச்சுக்கிட்டு இருந்திருக்க. நீ கேப்பேன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன். பஜார் பின்னால ஒரு கெழவரோட கோழிக் கூண்டுக்குள்ள நாலு பொண்ணுங்களா அடைஞ்சு கிடந்தோம். அவ்வளவுதான்மா. ஒண்ணும் நடக்கல. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சியோக் நியோ மகளின் கையைப் பிடிக்கப் போனாள். சுவீ லான் கையை விலக்கிக்கொண்டு, மாமியார் அனுப்பிய தாம்பாளத்திலிருந்து ஒரு தட்டில் சோறும் சம்பலும் எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். சோறு குழைந்திருந்தது. சம்பலில் மிளகாய் சரியாக அரையாமல் கொரகொரவென்று இருந்தது. பார்த்தாலே தெரிந்தது.

"நீயும் சாப்பிடு," என்றாள் தாய்.

"இது எனக்கு வந்தது இல்ல. பொண்ணு நல்லவதான்னு பெத்தவளுக்குச் சொல்றதுக்கு வந்தது. நீ சாப்பிடு."

சியோக் நியோ தரையில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கவளம் எடுத்தாள்.  தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள். அடுத்தது. அதற்கடுத்தது. கண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது, அதையும் சேர்த்து விழுங்கினாள். "போதும் தாச்சி, போதும்," என்றேன். அவள் கேட்கவில்லை.

தட்டு காலியாகும்வரை சுவீ லான் அங்கேயே நின்றாள். காலியானதும் அதை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கூடத்துக்குப் போய், கிளம்பலாம் என்று புருஷனிடம் சொன்னாள்.